கட்டிங் மெஷின் ஷாக்: கருகிய வயரைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: என் கணவர் சுங்கை சிப்புட்டில் கேட், கிரில் செய்யும் பட்டறையில் வேலை செய்கிறார். மூன்று வாரத்துக்கு முன், மழை விட்ட கையோடு ஈர சிமெண்டுத் தரையில் கட்டிங் மெஷின் ஓட்டும்போது ஷாக் அடித்து விழுந்தார். கை வெந்துபோய் 12 நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு). பட்டறையின் 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரும் மெஷினும் கருகிவிட்டன. “சுருளைப் பிரிக்காமல் போட்டது உன் தப்பு” என்கிறார் முதலாளி. மெஷினுக்கு 900 ரிங்கிட்டைச் சம்பளத்தில் பிடிக்கப் போகிறாராம். பெர்கேசோவுக்கும் (மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) எழுதவில்லை. வழக்குப் போடலாமா?

பதில்: முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது, அம்மா. 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்திருக்கிறது. பலருக்கு இது தெரியாமல் வக்கீல் செலவுதான் மிஞ்சுகிறது. ஆனால் அதே சட்டம் யார் தப்பு என்று கேட்காமலே பணம் தருகிறது. கவனக்குறைவு என்பதற்காகப் பெர்கேசோ மறுக்க முடியாது. விபத்து நடந்த நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. இருந்தால், கணக்கிடப்படும் சராசரி நாள் சம்பளத்தில் 80 சதவிகிதம் கிடைக்கும்.

விபத்தை 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அவர் செய்யாவிட்டால் நீங்களே போங்கள். எம்.சி., ஆஸ்பத்திரி அறிக்கை, சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல் போதும். பெர்கேசோ சந்தாவை முதலாளி கட்டாமல் இருந்தாலும் அது அவருடைய குற்றம். உங்கள் உரிமை போகாது.

900 ரிங்கிட் விஷயத்தில் அவருக்குச் சட்டம் துணை நிற்காது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு எதையெல்லாம் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. கருகிய மெஷின் விலை அதில் இல்லை. ஒரு எச்சரிக்கை: முன்பணத்தைப் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதனால் சிலர் “900 ரிங்கிட் அட்வான்ஸ் வாங்கினேன்” என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். போடவே கூடாது. பிடித்துவிட்டால் சம்பளச் சீட்டோடு லேபர் ஆபீசில் புகார் கொடுங்கள்.

இனி வயர். வழக்கில்லை என்றாலும் உங்கள் பக்கச் சாட்சி அதுதான். முதலில் பிளக் சுவரில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். பிறகு வயரின் மேல்தோலில் அச்சடித்த எழுத்தைக் கைப்பேசியில் படம் எடுக்கட்டும். “3 × 0.75” என்று இருந்தால் மூன்று கம்பி, ஒவ்வொன்றும் 0.75 சதுர மில்லிமீட்டர். சுமார் 6 ஆம்பியர்தான் தாங்கும். 2,200 வாட் மெஷின் 230 வோல்ட்டில் 9.6 ஆம்பியர் இழுக்கும், பிளேடு இரும்பில் சிக்கினால் இன்னும் கூட. பிளக்கில் இருக்கும் 13 ஆம்பியர் பியூஸ் இதற்கெல்லாம் அசையாது. வயர்தான் முதலில் உருகும். 30 மீட்டரில் 17, 18 வோல்ட் வழியிலேயே போய்விடுவதால் மோட்டாரும் திணறிச் சூடாகும். சுருளைப் பிரிக்காதது சூட்டைக் கூட்டியிருக்கும், உண்மைதான். ஆனால் அந்த மெஷினுக்கு அந்த வயரை வாங்கி வைத்தது யார்?

“2 ×” என்று இருந்தால் எர்த் கம்பியே இல்லை. மெஷின் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் எர்த் தேவையில்லை. இல்லையென்றால் எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. சிரிம் தரச்சான்று ஒட்டு, சுவிட்ச் போர்டில் உள்ள ஆர்.சி.டி. (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இரண்டையும் படம் எடுங்கள். கைக்கருவி பயன்படும் இடத்தில் 30 மில்லி ஆம்பியரிலும், ஈரமாகக் கூடிய தரை என்றால் 10 மில்லி ஆம்பியரிலும் ஆர்.சி.டி. வேண்டும் என்கிறது 1994 மின்சார விதிகளின் 36-ஆம் விதி. உங்கள் ஆர்.சி.டி.யில் 0.1 என்று எழுதியிருந்தால் 100 மில்லி ஆம்பியர்; அந்தப் படம் ஒன்றே நிறையப் பேசும்.

இந்தப் படங்களோடு ஈப்போவில் உள்ள ஜே.கே.கே.பி. (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத விபத்தை முதலாளி அங்கே உடனே தெரிவித்து, 7 நாளுக்குள் படிவமும் அனுப்பியிருக்க வேண்டும். பாதுகாப்பான கருவி தராத முதலாளிக்கு 1994 வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், 2024 ஜூனிலிருந்து அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்குவதை அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு தடுக்கிறது.

வேலைக்குத் திரும்பும் முன் கணவர் கேட்க வேண்டியது: மூன்று கம்பி, 1.5 சதுர மில்லிமீட்டர், சிரிம் ஒட்டுள்ள வயர். முழுதும் பிரித்துத்தான் போட வேண்டும். கேட்டதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பட்டும், தேதி அதிலேயே பதிந்துவிடும்.