மகசூலும் தாசில்தாரும் ஒரே அரபு வேரிலிருந்து வந்த சொற்களா?

ஆமாம். இரண்டுக்கும் ஹ-ஸ-ல என்ற மூன்றெழுத்து வேர்தான். ‘ஹஸல’ என்றால் நிகழ்ந்தது, கிடைத்தது, மிஞ்சி நின்றது. இதன் செயப்பாட்டு எச்சம் ‘மஹ்ஸூல்’, அதாவது கிடைத்த பொருள், விளைச்சல். நம் மகசூல் இதுதான்.

நடுவெழுத்தை இரட்டித்து ‘ஹஸ்ஸல’ என்றால் பொருள் இன்னும் அழகாகிறது. உமியை நீக்கி உள்ளிருப்பதை வெளியே எடுப்பதே ‘தஹ்ஸீல்’ என்கிறார் பழைய அகராதியாளர் ராகிப் அல்-இஸ்பஹானி. சுரங்கக் கல்லிலிருந்து பொன்னையும் வைக்கோலிலிருந்து கோதுமையையும் பிரிப்பதை உதாரணம் காட்டுகிறார். குர்ஆனின் 100:10 வசனத்தில் நெஞ்சங்களில் உள்ளவை வெளிக்கொணரப்படும் என்று வருவதும் இந்த வினைதான். எனக்கு மிகப் பிடித்த பயன்பாடு இது.

பிற்காலத்தில் தஹ்ஸீல் வரி திரட்டுவதையும் கல்வி பெறுவதையும் குறித்தது. அதோடு ‘உடையவர்’ என்னும் பொருள் தரும் பாரசீக ‘தார்’ சேர்ந்து தாசில்தார் ஆனது. பறவையின் இரைப்பையான ‘ஹவ்ஸலா’வையும் அகராதிகள் இவ்வேரின் கீழேயே வைக்கின்றன.

வசூல் மட்டும் இக்குடும்பமல்ல. அது ‘போய்ச் சேர்தல்’ என்னும் வ-ஸ-ல வேரிலிருந்து வந்தது.