கேமரா முன் ஒரு லிங்க்டு லிஸ்ட்

வணக்கம். எட்டு வருடமாக பேக்எண்ட் டெவலப்பராக வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு இன்டர்வியூ. முதல் இரண்டு ரவுண்டு நன்றாகப் போயின. மூன்றாவது லைவ் கோடிங். ஒரு லிங்க்டு லிஸ்ட்டில், அதாவது ஒவ்வொரு நோடும் அடுத்த நோடைக் காட்டும் சங்கிலியில், சுழற்சி (பழைய நோடுக்கே திரும்பி வருவது) இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். கடந்துவந்த நோடுகளை ஒரு செட்டில் போட்டு முடித்தேன். "கூடுதல் மெமரி இல்லாமல் செய்யுங்கள்" என்றார் இன்டர்வியூ எடுத்தவர். அவ்வளவுதான், தலைக்குள் ஒன்றுமே இல்லை. அவர் டைப் செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. கால் முடிந்து பத்தாவது நிமிடம் விடை தானாக வந்தது. எழுதி இணைத்திருக்கிறேன். மறுநாள் இரண்டு வரியில் நிராகரிப்பு மெயில். நான் நிஜமாகவே புரோகிராமர்தானா?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்த டைப் சத்தம். அந்தப் பக்கத்திலும் நான் பல வருடம் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் பேசுவதைத்தான் குறித்துக்கொள்வோம், பிறகு மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டுமே. ஆள் பேசாவிட்டால் எழுத ஒன்றும் கிடைக்காது. ஒருமுறை ஒருவரைப் பற்றி 'நீண்ட மௌனம், சிக்கிக்கொண்டார்' என்று எழுதி நிராகரித்தேன். மாலையில் குறிப்புகளைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்: மௌனத்துக்குப் பிறகு அவர் எழுதிய நாலு வரி, என் கையிலிருந்த மாதிரி விடையைவிடச் சுருக்கம். படிவம் போய்விட்டிருந்தது. திருத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

உங்களிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு சுட்டி (எந்த நோடில் நிற்கிறோம் என்று காட்டுவது) ஒவ்வொரு அடியாகவும் இன்னொன்று இரண்டிரண்டு அடியாகவும் போனால், சுழற்சி இருக்கும்பட்சத்தில் இரண்டும் எங்காவது சந்தித்தே தீரும். ஆமை-முயல் முறை என்பார்கள், ராபர்ட் ஃபிளாய்டின் பெயரில் வழங்குவது. முன்பே படித்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. படிக்காதவர், அல்லது படித்து மறந்தவர், அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. எட்டு வருட பேக்எண்ட் வேலையில் இது உங்களுக்கு எத்தனை முறை தேவைப்பட்டது? எனக்கு ஒருமுறைகூட இல்லை.

பார்த்துக்கொண்டிருப்பதுதான் பெரிய சிக்கல். வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் 48 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. சிலருக்கு வழக்கமான இன்டர்வியூ போல, பக்கத்தில் ஒருவர் நிற்க, யோசிப்பதைச் சொல்லிக்கொண்டே பலகையில் எழுத வேண்டும். மற்றவர்களுக்கு அதே மாதிரிக் கேள்வி, தனி அறை, யாரும் இல்லை. பார்க்கப்பட்டவர்களின் திறன் பாதிக்கும் கீழே போயிற்று. பத்து நிமிடம் கழித்து உங்களுக்கு விடை வந்ததில் மர்மம் ஒன்றும் இல்லை, கேமரா அணைந்திருந்தது.

மேக் கணினியில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூவை எழுதிய மேக்ஸ் ஹவல், பைனரி ட்ரீ என்ற தரவு அமைப்பைத் திருப்பிப் போடத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்ததாக 2015இல் ட்விட்டரில் எழுதினாரே, அந்தக் கதையை இந்நேரம் நாலு பேராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது ஆறுதலாகப் படுவதில்லை. அவருக்குக் காட்ட ஹோம்ப்ரூ இருந்தது. நமக்கு அந்த நாற்பத்தைந்து நிமிடம்தான்.

அதனால் இன்னும் முந்நூறு கணக்கு போடாதீர்கள். தெரிந்த முப்பதை, ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடுங்கள். அவருக்கு கோடிங் தெரியாவிட்டால் இன்னும் நல்லது, கொட்டாவி விடுவார், அதற்கும் பழக வேண்டும். மூளை நின்றுவிட்டால் "இரண்டு நிமிடம் யோசித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அதற்காக நான் யாருக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை. அப்புறம், எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: "செட் இல்லாமல் பழைய நோடுக்கே திரும்பி வந்துவிட்டேன் என்று எப்படித் தெரியும், அதில்தான் நிற்கிறேன்." இந்த ஒரு வாக்கியம் போதும், முக்கால்வாசிப் பேர் ஒரு குறிப்பாவது கொடுத்துவிடுவார்கள். கல்லாக உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு, அங்கே வேலை கிடைக்காததற்கு நான் வருந்தமாட்டேன்.

நீங்கள் இணைத்திருந்த விடையை ஓட்டிப் பார்த்தேன். சரியாக வேலை செய்கிறது. லிஸ்ட் காலியாக வந்தால் மட்டும் முதல் வரியிலேயே விழுகிறது, ஹெட், அதாவது முதல் நோடு, இருக்கிறதா என்று பார்க்காமலே அடுத்த நோடைக் கேட்கிறீர்கள். ஒரு இஃப் போட்டுவிடுங்கள்.