சிங்கப்பூரில் துணை அதிபர் உண்டா?

தம்பி, வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதிபர் வெளிநாடு போனதும் யாரோ ஒருவரைத் "தற்காலிக அதிபர்" என்று செய்தியில் சொன்னார்கள், துணைப் பிரதமர் ஏன் வரவில்லை, துணை அதிபர் என்று யாருமே இல்லையா, அதிபர் மாறினால் நம் ஒர்க் பெர்மிட் விதியும் மாறுமா?

துணை அதிபர் என்ற பதவியே இங்கே கிடையாது. துணைப் பிரதமர் பிரதமருக்குத்தான் துணை. வந்த புதிதில் எனக்கும் இது புரியவில்லை. அதிபர் என்றாலே நமக்கு அமெரிக்காதானே ஞாபகம் வருகிறது! இங்கே ஆட்சி நடத்துவது பிரதமரும் அமைச்சரவையும். அதிபரிடம் இருப்பது இரண்டாவது சாவி. முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்த நிதியில் கைவைக்க அவர் சம்மதம் வேண்டும். அதனால் அந்த நாற்காலி ஒரு நாள்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

அதிபர் இல்லாதபோது முதலில் வருபவர் அதிபர் ஆலோசகர் மன்றத் தலைவர். அவராலும் முடியாவிட்டால் நாடாளுமன்ற நாயகர், நம் ஊரில் சபாநாயகர் என்போமே, அவர். அப்புறம்தான் நாடாளுமன்றம் வேறொருவரை நியமிக்கும்.

2017 ஆகஸ்ட் 31ல் அப்போதைய அதிபர் டோனி டானின் பதவிக்காலம் முடிந்தது. மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டுக் கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். "இன்னைக்கு யாரு அதிபர் தெரியுமா? நம்ம பிள்ளை!" என்றார். ஜே. ஒய். பிள்ளை. கிள்ளானில் பிறந்தவர், சிங்கப்பூர் ஏர்லைன்ஸை 1972 முதல் 1996 வரை தலைவராக இருந்து வளர்த்தவர். அப்போது அவர்தான் ஆலோசகர் மன்றத் தலைவர். செப்டம்பர் 14ல் ஹலிமா யாக்கோப் பதவியேற்கும் வரை 13 நாள் பொறுப்பில் இருந்தார். அதற்கு முன்பும் அதிபர்கள் வெளியூர் போனபோதெல்லாம், அறுபது தடவைக்கு மேல், அவர்தான் பார்த்துக்கொண்டார். அந்தப் பெரியவரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அமெரிக்காவில் 1963ல் கென்னடி இறந்தவுடன் துணை அதிபர் ஜான்சனே முழு அதிபர் ஆகிவிட்டார். இங்கே அப்படி ஆக முடியாது. இடையில் பதவி காலியானால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் வைத்தாக வேண்டும். இந்தியாவிலும் துணைக் குடியரசுத் தலைவர் அதுவரைதான் பொறுப்பு வகிப்பார். எனக்குச் சிங்கப்பூர் முறைதான் பிடிக்கும். பொறுப்பு உடனே கைமாறுகிறது, பதவிக்கு மட்டும் மக்களிடம் போயாக வேண்டும்.

பெர்மிட் பற்றிக் கவலை வேண்டாம். அது மனிதவள அமைச்சின் வேலை, அதிபர் மாறினாலும் உங்களுக்கு எதுவும் மாறாது.

தீபாவளியை ஒட்டி அதிபர் மாளிகையான இஸ்தானாவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அன்று லீவு கிடைத்தால் சொல்லுங்கள், தோபி காட் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் நிற்கிறேன், சேர்ந்தே போகலாம்.