வுலர் ஏரி சிங்காரா மாவு: மூன்று மடங்கு விலை கொடுக்கலாமா?

கேள்வி: காஷ்மீரின் பந்திபோராவில் நண்பர் வீட்டில் உப்புத் தேநீரோடு வறுத்த சிங்காரா கொடுத்தார்கள். அருமையாக இருந்தது. என் மகளுக்கு சீலியாக் நோய்; கோதுமை ஆகாது. அவளுக்குச் செய்து தரலாம் என்று தேடினால், இணையத்தில் ஒருவர் ‘அசல் வுலர் ஏரி சிங்காரா மாவு’ என்று மூன்று மடங்கு விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மகளுக்கு சிங்காரா தாராளமாகத் தரலாம், ஆனால் மாவாக வாங்காதீர்கள்.

நீர்மேல் படரும் செடியின் கொம்பு முளைத்த காய் இது. காஷ்மீரிகள் கேர் என்பார்கள். பந்திபோரா பக்கத்து வுலர் ஏரிக்கரையில் பெண்கள் படகில் போய்ப் பறித்து, உலர்த்தி, இடித்து ஓடு நீக்கிக் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைப்பார்கள். 1822-23இல் அங்கே இருந்த ஆங்கிலேயப் பயணி வில்லியம் மூர்கிராஃப்ட், சுமார் 30,000 பேர் வருடத்தில் ஐந்து மாதம் இதை நம்பியே வாழ்ந்ததாக எழுதியிருக்கிறார். பஞ்சத்தில் காப்பாற்றிய பண்டத்துக்கு ஏழைச் சாப்பாடு என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. காஷ்மீர் இந்துக்களான பண்டிதர் வீடுகளில் விரதத்துக்கு இதன் மாவு வேண்டும். மற்றபடி சிப்ஸ் பாக்கெட்தான் ஜெயித்தது. வண்டல் சேர்ந்து ஏரியும் சுருங்கிவிட்டது.

அந்த ‘அசல்’ விஷயத்துக்கு வருகிறேன். உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் குளங்களில் சிங்காரா ஏராளமாக விளைகிறது. அதுவும் நல்ல சரக்குதான். அதையே ஏரிப் படம் போட்ட பையில் அடைத்து விற்றால் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. பாக்கெட்டில் அடைத்தவர் முகவரியும் உரிம எண்ணும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எந்த நீரில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறோம்! கூடுதல் விலையில் பறித்த பெண்ணுக்கு எவ்வளவு போகிறது என்று அந்த விற்பனையாளரைக் கேட்டுப் பாருங்கள். அயோடின் சொட்டு விட்டு மாவு நீலமானால் கலப்படம் என்று ஒரு வீடியோவும் சுற்றுகிறது. சிங்காராவே மாவுச்சத்துதான், சுத்தமான சரக்கும் நீலமாகத்தான் ஆகும்.

சீலியாக் இல்லாதவர்கள் எந்த நல்ல மாவையும் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் மகளுக்கு அப்படி முடியாது. சீலியாக் உள்ளவர்களுக்கு ஆகாத கோதுமைப் புரதமான குளூட்டன் சிங்காராவில் கிடையாது, சரி. அது எந்த மில்லில் அரைபட்டது? அதே இயந்திரத்தில் முன்னால் கோதுமை ஓடியிருந்தால், அந்த மிச்சமே அவள் குடலைப் புண்ணாக்கும். ‘குளூட்டன் இல்லை’ என்று லேபிள் போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது விதி. விரத மாவுப் பாக்கெட்டில் அந்த வரி இல்லையென்றால், ‘தானியம் இல்லை’, ‘ஆர்கானிக்’ என்று எது எழுதியிருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை.

அதனால் ஓடு நீக்கிய உலர்ந்த பருப்பாக வாங்குங்கள். பந்திபோரா நண்பரே அனுப்பினால் இன்னும் நல்லது. பொறுக்கிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கோதுமை ரவையோ மைதாவோ படாத தனி மிக்ஸி ஜாரில் அரையுங்கள். தெருமுனை மாவு மில்லுக்குக் கொடுக்காதீர்கள். முழுசாக வறுப்பதென்றாலும் சப்பாத்தி சுடாத வாணலி வேண்டும். டப்பாவில் வரும் சீன ‘வாட்டர் செஸ்ட்நட்’ வேறு செடியின் கிழங்கு. அது இதற்கு ஆகாது.

பச்சைக் காய் கிடைத்தால் பல்லால் கடித்து உரிக்க விடாதீர்கள். குளத்து நீரிலிருந்து ஓட்டில் ஒட்டிவரும் குடல் தட்டைப்புழு அப்படித்தான் வயிற்றுக்குள் போகும். நன்றாக வேகவைத்த பிறகு உரியுங்கள்.