மாமாவுக்கு கம்ப்யூட்டர் பிடிக்கும், பையனுக்கு பிளக் பிடிக்கும்

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் பிளஸ் டூ தேறிவிட்டான், கணக்கில் மட்டும் தட்டுத்தடுமாறி. தாய்மாமன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவைத்து, முன்பணம் கட்டச் சொல்கிறார். பையனோ ராத்திரியெல்லாம் போனில், பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்கு, இன்ஜினுக்குள் தீப்பொறி தருகிற ஸ்பார்க் பிளக்கை மாற்றுகிற வீடியோ பார்க்கிறான். "பனியே விழாத ஊர்ல இது என்ன கிறுக்கு சார்?"

இந்த வயசில் இப்படித்தான் இருப்பார்கள், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. முன்பணம் கட்டாதீர்கள் அம்மா. முதல் பதில் அதுதான்.

மாமா அக்கறையில்தான் சொல்கிறார், சரி. ஆனால் கல்விக்கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். அரியர் எழுதப்போவது அவன். கணக்கோடு மல்லுக்கட்டுகிற பையனை, விசேஷ வீடுகளில் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் என்பதற்காக நான்கு வருடம் கோடிங் வகுப்பில் உட்காரவைப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கலைக் கல்லூரி, பாலிடெக்னிக் பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே சொல்ல ஆளிருக்கும். அதை விட்டுவிடுகிறேன்.

அவன் பார்க்கிற வண்டிக்கு வருவோம். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை. குல்மார்க்கிலும் மணாலிப் பக்கமும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓடும். பல மாடல்களில் இருப்பது இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். இந்த வகையில் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிவதால் பிளக்கில் சீக்கிரம் கரி பிடிக்கும். இப்போது உங்கள் ஊர்த் தோட்டங்களைப் பாருங்கள். முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பெட்ரோல் ஸ்பிரேயர், புல்வெட்டும் மெஷின், மரம் அறுக்கும் செயின்சா. இவற்றிலும் பல அதே டூ-ஸ்ட்ரோக் ஜாதிதான். பூச்சி விழுந்த நேரத்தில் ஸ்பிரேயர் நின்றுபோனால், விவசாயி அதைத் தூக்கிக்கொண்டு யாரிடம் போகிறார்? பைக் மெக்கானிக் நிறையப் பேர் இருக்கிறார்கள். சின்ன இன்ஜினைப் பொறுமையாகப் பார்க்கிற ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவன் பார்க்கிற வீடியோவுக்கு நம்மூரில் வேலை இருக்கிறது.

அவனுக்கு இருப்பது ஆர்வமா, வெறும் வேடிக்கையா? நீங்களே சோதிக்கலாம். பிளக்கை எப்படி மாற்றுவாய் என்று கேளுங்கள். இன்ஜின் ஆறட்டும் என்று ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. பிளக் மாட்டியிருக்கும் சிலிண்டரின் மேல்பாகமான அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை பிய்ந்து வரலாம். சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் விழும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் மூடியைப் பிடித்துக் கழற்ற வேண்டும். பிளக் முனையில் தீப்பொறி தாவுகிற இடைவெளி, அதாவது கேப், கம்பெனி சொன்ன அளவுக்கு இருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் முக்கியமான இடம்: புதுப் பிளக்கை விரலாலேயே மரையேற்றி, அது முட்டி நின்ற பிறகு ஸ்பேனரால் சுமார் அரைச் சுற்று. வாஷர் வைத்த புதுப் பிளக்குக்கு இந்தக் கணக்கு. எடுத்தவுடனே ஸ்பேனர் போட்டு மரை கோணலாக ஏறினால், பிளக் விலையில் முடிய வேண்டியது ஹெட் செலவில் போய் நிற்கும்.

நம்பரிலும் ஏமாறக் கூடாது. என்.ஜி.கே. கம்பெனி பிளக்கில் எண் ஏற ஏற 'குளிர்ந்த' வகை, அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்திவிடும். பாஷ் (Bosch) கம்பெனி பிளக்கில் அப்படியே தலைகீழ். கழற்றிய பழைய பிளக்கும் பேசும். முனை இளம்பழுப்பாக இருந்தால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெள்ளையாக வெந்திருந்தால் சூடு மிஞ்சுகிறது, பெட்ரோல் போதாமல்கூட இருக்கலாம்; டூ-ஸ்ட்ரோக்கில் அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும். இதில் பாதியை அவன் சொன்னாலே மாமாவிடம் நீங்கள் தைரியமாகப் பேசலாம். ஒன்றுமே சொல்லத் தெரியாவிட்டால், பக்கத்து மெக்கானிக் கடையில் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். அதற்கும் முன்பணம் தேவையில்லை.

படிப்பென்று ஒன்று வேண்டுமே. மதுரை கே.புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டு வருடப் பிரிவு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் ரூ.750 உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பாடப்புத்தகம், பஸ் பாஸ் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 தனி. முடித்தபின் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி கம்பெனியில் உதவித்தொகையோடு அப்ரண்டிஸாகச் சேரலாம். பட்டம் வேண்டும் என்று பிறகு தோன்றினால் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு, அங்கிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டு. கதவு எதுவும் மூடாது.

"மின்சார வண்டி வந்துட்டா பிளக்குக்கு எங்கே போவான்?" என்று மாமா கேட்பார். நியாயமான கேள்வி. மின்சார வண்டியில் பிளக் இல்லைதான். ஆனால் கோளாறை ஒழுங்காகத் தேடிப் பிடிக்கிற பழக்கம் உள்ளவன் ஒயரிங்கும் பேட்டரியும் கற்றுக்கொள்வான். ஐ.டி.ஐ. படிப்புகளில் மின்சார வாகன மெக்கானிக் பிரிவும் வந்துவிட்டது.

இன்னொன்றிலும் கறாராக இருங்கள். ஸ்னோமொபைல் ஆசையைக் கேட்டுவிட்டு "கனடாவுக்கு அனுப்புறேன், லட்சத்துல கொடுங்க" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கையில் தொழிலும் அனுபவமும் சேரும் வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

ஐ.டி.ஐ. சேர்க்கை அறிவிப்பு பெரும்பாலும் மே, ஜூனில் வரும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். விண்ணப்பத்தில் எந்தப் பிரிவை முதலில் போடுவது என்பதை அவனே நிரப்பட்டும். பக்கத்தில் மாமா உட்கார வேண்டாம்.