கேள்வி – பதில்: கீழே இறங்கும் ஃபோனான்

கேள்வி: கனசதுர ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டுக்கு ஃபோனான் (படிக அணுக்களின் கூட்டு அதிர்வு) கணக்குப் போட்டேன். சில இடங்களில் அதிர்வெண் பூச்சியத்துக்குக் கீழே போகிறது. கணக்கு தப்பா?

பதில்: எந்த இடத்தில் என்று பாருங்கள். காமாப் புள்ளியை (எல்லா அலகுக்கூடுகளும் ஒன்றுபோல் அசையும் இடம்) ஒட்டி, ஒலிக்கிளை (கூட்டின் அணுக்கள் சேர்ந்தே நகரும் அதிர்வு) மட்டும் லேசாக இறங்கினால் அது எண்பிழை. விசைகளின் துல்லியத்தைக் கூட்டினாலே பெரும்பாலும் போய்விடும். ஆர் புள்ளியில் (அடுத்தடுத்த கூடுகள் எதிரெதிராக அசையும் இடம்) ஆழமாக இறங்கினால் அது நிஜம். 105 கெல்வினுக்குக் கீழே இந்தப் படிகத்தின் ஆக்சிஜன் எண்முகிகள் அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பி, படிகம் நாற்கோண வடிவுக்கு மாறுகிறது. நிலையற்ற அலைவில் கற்பனை எண்ணாக வரும் அதிர்வெண்ணைத்தான் மென்பொருள் கழித்தல் குறியோடு அச்சிடுகிறது.

காமாவிலேயே ஒளிக்கிளை (கூட்டுக்குள் அணுக்கள் எதிரெதிராக அசையும் அதிர்வு) இறங்கினால் படிக அளவைச் சந்தேகப்படுங்கள். அறை வெப்பநிலையில் அளந்த பக்கம் 3.905 ஆங்ஸ்ட்ராம். எலக்ட்ரான் ஆற்றலைத் தோராயமாகத் தரும் சார்பியங்களில் ஒன்றான பிபிஇ இதைச் சுமார் 3.94 ஆக்கிவிடும், அந்தச் சிறு வீக்கமே ஃபெர்ரோமின் (தானாகவே மின்முனைப்புக் கொள்ளும்) அலைவை நிலைகுலைக்கப் போதும். திடப்பொருளுக்கென்று திருத்திய பிபிஇசால் உண்மை அளவுக்கு அருகில் நிற்கும்.

சூப்பர்செல்லில் (பல அலகுக்கூடுகளை அடுக்கிய கணக்குப் பெட்டி) பலர் சறுக்குகிறார்கள். 2×2×2, அதாவது 40 அணுக்கள் எடுத்தால் ஆர் புள்ளி அதில் சரியாக அடங்கும். 3×3×3 பெரிதாக இருந்தும் அடங்காது. அங்கே வரும் மதிப்பு வெறும் இடைக்கணிப்பு. இரட்டை எண்ணிலேயே போங்கள்.

கேள்வி: நிஜம் என்று தெரிந்தபின் அடுத்த வேலை என்ன?

பதில்: அந்த அலைவின் திசையில் அணுக்களை நகர்த்துங்கள். ஆக்சிஜனை 0 முதல் 0.25 ஆங்ஸ்ட்ராம் வரை 0.025 படியாகத் தள்ளி, ஒவ்வொன்றுக்கும் ஆற்றலைக் குறியுங்கள். இரட்டைக் குழி கிடைக்கும். இருபடி, நான்குபடி உறுப்புகளைப் பொருத்தினால் ஆழம் தெரியும். தாழ்வெப்பத்தில் அளந்த திருகுகோணம் சுமார் 2 பாகை, அதாவது ஆக்சிஜன் நகர்வு 0.07 ஆங்ஸ்ட்ராம். வழக்கமான சார்பியங்கள் இதைவிடப் பெரிய கோணத்தையே தருகின்றன. குழியின் ஆழத்திலும் அந்தப் பிழை உண்டு.

கேள்வி: 105 கெல்வினைக் கணக்கிலிருந்தே எடுக்க முடியுமா?

பதில்: ஹார்மோனிக் கணக்கில் (அணுக்களைச் சுருள்வில்லில் கட்டியதாகக் கொள்வது) முடியாது, அதில் வெப்பநிலையே இல்லை. வெப்ப, குவாண்டம் அசைவுகளையும் சேர்த்துக் கணக்கிடும் எஸ்எஸ்சிஎச்ஏ போன்ற தன்னிசைவு முறை வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: அம்முறையின் துணை அதிர்வெண்கள் எப்போதும் நேர்மமாகவே வரும். அதைப் பார்த்துப் படிகம் நிலையானது என்று முடிவு கட்டாதீர்கள். கட்டற்ற ஆற்றலின் ஹெஸ்ஸியனை (இரண்டாம் வகைக்கெழு அணி) தனியாகக் கணக்கிட்டு, அதிர்வெண்ணின் வர்க்கம் எந்த வெப்பநிலையில் பூச்சியத்தைத் தொடுகிறது என்று வரைந்து பாருங்கள். 105 துல்லியமாக வந்தாலும் நம்பிவிடாமல் சார்பியத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். பிழைகள் ஒன்றையொன்று தின்றிருக்கலாம்.

கேள்வி: சாதாரண மூலக்கூறு இயக்கவியல் போதாதா?

பதில்: இந்தப் பொருளுக்குப் போதாது. பூச்சியப்புள்ளி அசைவு (முழுக் குளிரிலும் நிற்காத குவாண்டம் அசைவு) இல்லாத கணக்கு தாழ்வெப்பத்தில் இதை ஃபெர்ரோமின் பொருளாக்கிவிடும். உண்மையில் அந்த அசைவே ஃபெர்ரோமின் நிலையைத் தடுக்கிறது. முல்லரும் புர்கார்டும் 1979-இல் காட்டியது இது. ஆக்சிஜன்-16-க்குப் பதில் கனமான ஆக்சிஜன்-18 இட்டால் சுமார் 23 கெல்வினில் அந்நிலை வந்துவிடுகிறது. அந்த அசைவையும் சேர்க்கும் பாதைத்தொகை இயக்கவியல் ஓட்டுவதானால் மணிகளின் (ஒவ்வொரு அணுவுக்கும் எடுக்கும் நகல்கள்) எண்ணிக்கையில் கஞ்சத்தனம் கூடாது. உச்ச அதிர்வெண் செ.மீ.க்கு ஏறத்தாழ 800 என்பதால் 100 கெல்வினில் 12 மணிகள் வெறும் அடித்தளம், ஒருங்கல் பார்த்து ஏற்றவேண்டும். 10 கெல்வினில் அது நூறைத் தாண்டும்.