தமிழில் சட்டம் படிக்கலாமா? – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதலாம் என்றிருக்கிறேன். ரியூஷனில் பொது அறிவுப் புத்தகத்தைப் பாடமாக்கினால் போதும் என்கிறார்கள். மாமா ஒருவர், “கொழும்பு நீதிமன்றத்தில் சிங்களம், மேலே போனால் ஆங்கிலம், தமிழில் படித்து என்ன செய்யப்போகிறாய்?” என்று கேட்கிறார். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு சி எடுத்தேன். உள்ளே போனபின் எப்படிப் படிக்க வேண்டும், எங்கே சறுக்குகிறார்கள் என்றும் எழுதுங்கள். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் சிறிய கடை இருக்கிறது. படித்துக்கொண்டே கடையையும் பார்க்கலாமா?

ச., கொட்டாஞ்சேனை

அன்புள்ள ச.,

மாமா நீதிமன்றங்களைப் பற்றிச் சொன்னது சரி, அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ், ஏனைய இடங்களில் சிங்களம். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் நடைமுறையில் ஆங்கிலம்தான். ஆகவே கொழும்பில் தொழில் செய்ய மூன்று மொழியும் வேண்டும். அதற்காகச் சட்டத்தையே தெரியாத மொழியில் தொடங்க வேண்டும் என்றில்லை. பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்துவதற்கான ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் நிராகரித்துவிட்டது. நீங்கள் எந்த மொழியில் யோசிக்கிறீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். ஆங்கிலத்தை வாசிப்புக்கும் சிங்களத்தைச் செவிக்கும் முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். இறுதி வருடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்கள்தான் பிறகு நீதிமன்றத்தில் வாய் திறக்கத் தயங்குகிறார்கள்.

நுழைவுப் பரீட்சையில் பொது அறிவும் நுண்ணறிவும் ஒரு பக்கம், மொழித்திறன் இன்னொரு பக்கம். ரியூஷன்காரர்கள் முதலாவதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் அதற்குப் புத்தகம் அச்சடித்து விற்கலாம். மொழித்திறனைத்தான் பலர் கைவிடுகிறார்கள். தினமும் வீரகேசரியிலோ தினகரனிலோ ஓர் ஆசிரியர் தலையங்கத்தை எடுத்து மூன்றிலொன்றாகச் சுருக்குங்கள். மூலத்தின் வசனங்களை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள், சொந்த அபிப்பிராயத்தையும் சேர்க்காதீர்கள். எழுதி முடித்ததும் ‘மட்டும்’, ‘அல்லது’, ‘தவிர’, ‘எனின்’ போன்ற சொற்கள் சுருக்கத்தில் விழுந்துபோயினவா என்று பாருங்கள். ஒரு ‘தவிர’ விழுந்தால் பொருள் தலைகீழாகிவிடும். சட்டப் பிரிவு வாசிக்கவும் இதே கண்தான் வேண்டும். தகைமைகளையும் விண்ணப்ப முடிவுத் திகதியையும் அந்த வருட அறிவித்தலில் நேரே பாருங்கள், மற்றவர் சொல்வதை நம்பாதீர்கள். நாவலையில் திறந்த பல்கலைக்கழகச் சட்டமாணியும் ஒரு வழி, அதன் தெரிவுப் பரீட்சையையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

உள்ளே போனால் மூன்று வருடம்: ஆரம்பம், இடை, இறுதி. அதன்பின் ஆறு மாதம் ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியின் கீழ் பயிற்சி, பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். சறுக்கல் பெரும்பாலும் ஆரம்ப வருடத்திலேயே தொடங்கும். முந்திய தொகுதியினரின் குறிப்புகள் கைக்குக் கை வரும். அவற்றை எழுதியவர் யார், எந்த வருடத்துச் சட்டத்தை வைத்து எழுதினார் என்று யாரும் பார்ப்பதில்லை. குடியியல் நடைமுறைச் சட்டக்கோவை 1889இல் வந்தது. 2017ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் விசாரணைக்கு முந்திய நடவடிக்கைகளை அதில் புகுத்தியது. அதற்கு முந்திய குறிப்பைப் பாடமாக்கினால் இன்று இல்லாத நடைமுறையைத்தான் விடைத்தாளில் எழுதுவீர்கள். நாடாளுமன்ற இணையத்தளத்தில் சட்டங்கள் மும்மொழியிலும் கிடக்கின்றன. முதலில் சட்டத்தின் வாசகம், அடுத்து தீர்ப்பு, கடைசியில்தான் குறிப்பு.

பிரச்சினை வினாவுக்குக் கட்டுரை எழுதுவது அடுத்த பெரிய தவறு. ஒன்றைச் செய்து காட்டுகிறேன். ‘புடவைக் கடை மேசையில் வாடிக்கையாளர் கைபேசியை மறந்துவிட்டுப் போகிறார். விற்றுக் காசாக்கும் எண்ணத்தோடு ஊழியர் அதை எடுத்து மேசைக்கு அடியில் வைக்கிறார். கடையை விட்டு வெளியேறுமுன் பிடிபடுகிறார். ஊழியரின் பொறுப்பு என்ன?’ பலர் களவைப் பற்றி ஒரு பக்கம் பொதுவாக எழுதிவிட்டு, ‘வெளியே கொண்டுபோகவில்லை, ஆகவே எத்தனம் (முயற்சி) மட்டுமே’ என்று முடிப்பார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 366ஆம் பிரிவைத் திறந்து அதன் கூறுகளைத் தனித்தனியே எழுதுங்கள்: நேர்மையற்ற எண்ணம், அசையும் ஆதனம், இன்னொருவரின் உடைமையிலிருந்து எடுத்தல், அவர் சம்மதமின்மை, எடுப்பதற்காக அதை அசைத்தல். கடைசிக் கூறைக் கவனியுங்கள். வெளியே கொண்டுபோக வேண்டும் என்று பிரிவு கேட்கவில்லை, எடுக்கும் நோக்கத்தோடு அசைத்தாலே போதும். மேசைக்கு அடியில் போன கணத்திலேயே களவு நிறைவேறிவிட்டது.

இதோடு நின்றால் நடுத்தரப் புள்ளிதான். மறந்துவிட்டுப் போன கைபேசி அப்போது யாருடைய உடைமையில் இருந்தது? பிரிவின் கீழுள்ள உதாரணங்களில் வீட்டு மேசையில் கிடந்த மோதிரமும் இருக்கிறது, பெருந்தெருவில் யார் உடைமையிலும் இல்லாமல் கிடந்த மோதிரமும் இருக்கிறது. முன்னதை எடுத்தால் களவு. பின்னதை எடுத்தால் களவல்ல, 386ஆம் பிரிவின் கையாடலாகலாம். நம் கைபேசி கடைக்குள் கிடந்தது. அது வாடிக்கையாளரின் உடைமையிலிருந்து இன்னும் போகவில்லை என்றும் வாதிடலாம், கடை முதலாளியின் உடைமைக்கு வந்துவிட்டது என்றும் வாதிடலாம். எப்படியும் ஊழியருடையதல்ல. இரண்டையும் எழுதி, 386ஐ மாற்று நிலைப்பாடாக வைத்து முடிப்பவருக்கே நல்ல புள்ளி. உதாரணங்களை வாசிக்காமல் விட்டுவிடாதீர்கள், வினா தயாரிப்பவர் அங்கிருந்துதான் தொடங்குவார்.

தீர்ப்பு வாசிப்பதிலும் இப்படித்தான், எந்த நீதிமன்றம் எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கோடீஸ்வரன் வழக்கை எல்லோருக்கும் தெரியும், ஆனால் பலர் பிழையாகவே எழுதுகிறார்கள். அரசாங்க எழுதுவினைஞரான அவருக்குச் சிங்களத் தேர்ச்சி இல்லை என்று சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் செல்லாது என்று மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. உயர் நீதிமன்றம் மொழிக் கேள்விக்குள் போகவேயில்லை. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்காட முடியாது என்று சொல்லி அந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. 1969இல், அப்போது நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில், வழக்காடலாம் என்று தீர்த்து, மொழிக் கேள்வியை இங்கேயே திருப்பி அனுப்பியது. அது பிறகு தீர்க்கப்படவேயில்லை. ஆகவே ‘பிரிவிக் கவுன்சில் மொழிச் சட்டத்தைச் செல்லாததாக்கியது’ என்று எழுதினால் அது தவறு. தீர்ப்பு, நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பின் 72ஆம் தொகுதி, 337ஆம் பக்கத்தில் இருக்கிறது. நம் மக்களுக்கு இவ்வளவு முக்கியமான வழக்கைச் செவிவழியாகத் தெரிந்துவைத்திருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இதையே முதலில் வாசியுங்கள். வசனம் கடினமாக இருந்தாலும் கதை தெரிந்ததால் பிடிபடும். மேலேயுள்ள சுருக்கமான தலைக்குறிப்போடு நிறுத்தாமல் தீர்ப்பின் உடலுக்குள் போங்கள். நிகழ்வு, கேள்வி, ஒவ்வொரு நீதிமன்றத்தின் விடை, காரணம் என்று தமிழில் எழுதிவையுங்கள்.

வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைத் தமிழ் மாணவர்கள் வீட்டுப் பாடம் மாதிரி நினைத்து அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) எல்லாம் காதில் விழுந்த சொற்கள்தானே என்று. வினாவில் வருபவர் மட்டக்களப்புத் தமிழரா, மலையகத் தமிழரா, வட மாகாணத்தவரா என்று பார்க்காமலே எழுதத் தொடங்கினால் முதல் வரியிலேயே புள்ளி போய்விடும். தமிழர் எல்லோருக்கும் தேசவழமை பொருந்தாது.

சிங்களத்துக்குப் புதுக்கடையை விட நல்ல வகுப்பு கிடையாது. அங்கே சட்டக் கல்லூரியும் நீதவான், மாவட்ட நீதிமன்றங்களும் உயர் நீதிமன்றமும் அருகருகே இருக்கின்றன. திறந்த நீதிமன்றத்தில் யாரும் உட்கார்ந்து கேட்கலாம். ஒழுங்காக உடுத்து, கைபேசியை நிறுத்தி, நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதிக்குத் தலைவணங்கிவிட்டுப் பின் வாங்கில் இருங்கள். நுழைவுப் பரீட்சைக்கு முன்பே போகலாம். முதலில் நீதவான் நீதிமன்றத்தில் காலை வழக்குகள் கூப்பிடப்படுவதைக் கேளுங்கள். பிணை, தவணை, குற்றப்பத்திரம் என்று ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், சில வாரங்களில் காது பழகிவிடும். சாட்சி விசாரணை கேட்க மாவட்ட நீதிமன்றம் நல்லது.

பயிற்சிக்காலத்துக்குப் பெயர்பெற்ற சீனியரைத் தேடி ஓடாதீர்கள். மேன்முறையீடு மட்டும் பேசுபவரிடம் ஆறு மாதம் கோப்புத் தூக்கினால் வழக்குத் தொடங்கும் ஒரு முறைப்பாடு எழுதக்கூட வராது. மாவட்ட நீதிமன்றத்தில் தினமும் வழக்காடுபவரிடம் போங்கள். ப்ரொக்சி (கட்சிக்காரர் சட்டத்தரணிக்குத் தரும் அதிகாரப் பத்திரம்), மோஷன் (நீதிமன்றத்துக்கு எழுதும் விண்ணப்பம்) எழுதத் தருவாரா, காணிப் பதிவகத்தில் தேட அனுப்புவாரா, எழுதியதைத் திருத்தித் தருவாரா என்று முன்பே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கடையைப் பற்றி: முதல் இரண்டு வருடமும் விரிவுரை இல்லாத நேரங்களில் தாராளமாகப் பாருங்கள். அப்பாவிடம் இப்போதே பேசி, பரீட்சைக்கு முன் ஆறு கிழமை முழு விடுப்பு வாங்கிக்கொள்ளுங்கள். கணக்குக் கொப்பி, கடன் சிட்டை, திரும்பிவந்த காசோலை எல்லாவற்றையும் கவனித்துப் பாருங்கள், வணிகச் சட்டம் படிக்கும்போது அவை கைகொடுக்கும். பயிற்சிக்காலத்தில் மட்டும் கடை வேண்டாம். பகல் முழுக்க நீதிமன்றம், மாலையில் சீனியரின் அலுவலகம். அந்த ஆறு மாதத்துக்கு வேறு ஆளைப் போடச் சொல்லுங்கள்.